கடந்தது: ஒன்று

நாற்பது கொண்டையூசி வளைவிலும் வாந்தியெடுத்து
வால்பாறை வந்திறங்கினாள் ஜந்தீரா, பிரேசில்காரி.
மடியில், கோயமுத்தூர்த் தீயணைப்பு நிலையம்
கழித்துப்போட்ட குழாய், ஒரு சுருள்.
"ஒறம்பரை கொண்டாந்த சீருங்களா இது?"
சுருளுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்திருந்தார் கண்டக்டர்.

அவள் ஊர்க் குரங்கு உள்ளங்கையில் அடங்கும்,
செந்தூர நிறம்.
லாலாவுவின் மடகாஸ்கரில் குரங்கே கிடையாது;
குரங்குக்கும் முந்தைய எதுவோ
விடியலில் சங்குபோல் கூப்பிடுமாம்.
குரோதா பனியில் நின்று எண்ணுகிறவர்.
எனக்கு வாய்த்தது
தேயிலைக்கு நடுவே நாற்பது ஏக்கர் மிச்சக்காடு.
கரிய முகம், வெள்ளிப் பிடரி,
நாற்பத்தேழு உருப்படி.

படிவத்தில் கடுவன், மந்தி, பறழ் என்றே நிரப்புவேன்.
குரோதா எழுதிக் கேட்டார்:
எத்தனை காலமாய் உங்கள் மொழி
இவற்றைப் பிரித்துப் பார்க்கிறது?
பதில் போடவில்லை.
பிரித்துப் பார்த்தோம், பேர் வைத்தோம்,
பிறகு நடுவில் ரோடு போட்டோம்.

ஜந்தீரா போட்ட முடிச்சை
மரத்தின் மேலிருந்த வெள்ளிங்கிரி அவிழ்த்தான்.
"நனைஞ்சா வழுக்குமுங்க."
தேன் எடுக்க ஏறும்போது போடுகிற முடிச்சைப் போட்டான்.
அவள் கீழே நின்று, அண்ணாந்து,
தன் ஷூ நாடாவில் அதைப் பழகினாள்,
மூன்று முறை தப்பாக.

அறுபத்திரண்டு நாள்
படிவத்தில் ஒரே வரி.
கடந்தது: பூஜ்யம்.

அறுபத்து மூன்றாம் நாள் தேயிலை லாரி.
பறழ், ஆண், முந்நூற்றுப் பத்து கிராம்.
தாய் அதை ஏந்திக்கொண்டு அலைந்தது.
மூன்று நாள் என்று எழுதவேண்டிய கட்டத்தில்
பேனா நிற்கவில்லை, மழை என்று சொல்லிக்கொண்டேன்.

காய்ந்த எச்சம் ஒரு சிமிழ் கடல் தாண்ட
பதினான்கு கையெழுத்து வேண்டும்.
தை மாதத்திலிருந்து
என் ஃப்ரிட்ஜில் இட்லிமாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது அது.
அந்தச் சாவோ
ஒரு கையெழுத்துமில்லாமல் அன்றிரவே போய்விட்டது
மூன்று கண்டத்துக்கு.

ஜந்தீராவிடமிருந்து ஒன்றுமில்லை.
குரோதா, லாரியின் வேகம் கேட்டார்.
லாலாவு மட்டும் ஒரு படம் வரைந்து அனுப்பினாள்:
ஒற்றைக் குழாய் வேண்டாம், இரண்டு, நடுவில் பின்னல்.
"வயிற்றில் பிள்ளை தொங்கும்போது
ஒற்றையில் நடக்க எங்கள் தாய்களும் யோசிக்கும்."
ஏழு மாதம் உட்கார்ந்து எண்ணிய எனக்கு
இது ஏன் தோன்றவில்லை?
கோபம்தான் வந்தது முதலில்.

வெள்ளிங்கிரி பின்னினான். கட்டில் கயிறு மாதிரி.

ஐப்பசித் தூறல், காலை ஆறு நாற்பது.
காது கிழிந்த மந்தி, அதே தாய்,
பின்னலில் ஒரு கை வைத்தது. எடுத்தது.
மறுபடி வைத்தது.
நடு ரோட்டுக்கு மேலே சாவகாசமாய் உட்கார்ந்து
கீழே வந்த முதல் பஸ்ஸின் கண்ணாடிமீது
மூத்திரம் பெய்தது.
தலையை நீட்டினார் கண்டக்டர்.
"ஏனுங்க, உங்க ஒறம்பரை
டிக்கெட் எடுக்காம போறாங்க!"

அனுப்பினேன்: கடந்தது, ஒன்று.
ஜந்தீராவுக்கு அது நேற்றைய ராத்திரி.
குரோதாவுக்கு டீ ஆறிக்கொண்டிருக்கும் பத்து மணி.
லாலாவுக்கு இன்னும் விடியவில்லை,
ஆனாலும் அவள்தான் முதலில் கேட்டாள்:

திரும்பி வந்ததா?

குடை எடுத்து வரவில்லை.
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.