அடியிலை

போன ஆகஸ்டில் நீ காரைக் கிளப்பிக்கொண்டு போன மறுநாள்
சந்தையில் ஒரு கட்டு நாற்று வாங்கினேன், ஔரேலியு.
ஈரச் செய்தித்தாளில் சுற்றி வைக்கோலால் கட்டியது.
பத்து நாற்று, ஒரு யூரோ.
தலை கட்டாத கோஸ்,
உன் அம்மா பன்றிக்கு வெட்டிப் போடுவாளே, அந்த ஜாதி.

நான்கை எர்மெலிண்டாவுக்குக் கொடுத்தேன்.
ஒன்று பேருந்திலேயே ஒடிந்துபோனது.
மீதி ஐந்தும் சமையலறைக் கதவுக்கு எதிரே.
காப்பிச் சக்கை போட்டேன்.
உருளைக்கிழங்கு கழுவிய தண்ணீர் ஊற்றினேன்.
வெள்ளைப் பட்டாம்பூச்சி இலைக்கடியில் முட்டை வைத்தால்
கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு.
வேறு எதுவும் செய்யவில்லை.
செய்ய எனக்கு நேரமும் இல்லை.

ஆறரைக்கு ஷூ கம்பெனியிலிருந்து வருவேன்,
விரல் இடுக்கெல்லாம் பசை நாற்றம்.
கத்தியோடு நேரே வெளியே போவேன்.
குருத்தைத் தொடக்கூடாது, அடியிலையைத்தான் வெட்டவேண்டும்:
இந்தச் செடிக்கு உள்ள சட்டம் அவ்வளவுதான்.
இரண்டு இலை.
சுருட்டுப்போல் உருட்டி, மயிரிழையாய் அரிந்து,
மசித்த கிழங்கு கொதிக்கும்போது போட்டால்
இரண்டே நிமிடம்.
மேலே ஆலிவ் எண்ணெய்.
தட்டுக்கு எதிரே தொலைக்காட்சி.

வெட்டிய இடத்தில் தண்டில் ஒரு தழும்பு விழும்,
நகம் பதிந்தாற்போல.
வெட்ட வெட்ட அது மேலே போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை.
லக்சம்பர்கில் கான்கிரீட் காயவில்லை என்றாய்.
அன்றைக்கு ஆறு இலை, உப்புக்கண்ட மீனோடு வேகவைக்க.
எர்மெலிண்டா வந்தாள், காது கேளாத புருஷனோடு.
உன் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான்.
இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மார்ச்சில் மொட்டுக் கட்டியது.
பூக்க விடவில்லை. கிள்ளி, பூண்டு போட்டு வதக்கினேன்.
கிள்ளின கோபத்தில் பக்கத்துக்கு நாலு கிளை விட்டது.
ஜூனில் என் மூக்கு உயரம்.
ஜூலையில் ஸ்டூல் போட்டு ஏறினேன்.

நேற்று நீ வந்தாய்.
பெட்டியைக்கூட இறக்கவில்லை,
கொல்லையை அடியெடுத்து அளந்தாய்:
"இதுவரைக்கும் சிமெண்ட் போட்டால் கார் நிழலில் நிற்கும்."
நான் ஸ்டூலையும் கத்தியையும் கொடுத்தேன்.
இரண்டு இலை என்றேன்.

ஜன்னலில் இருந்து பார்த்தேன்.
ஸ்டூலில் ஏறவில்லை நீ.
உன்னைவிட ஒரு சாண் உயரமான செடியின் முன்னால் நின்று
தண்டைத் தடவினாய், மேலிருந்து கீழே.
இடுப்புக்கு நேரே தழும்புக்குத் தழும்பு அகலமான இடைவெளி,
அது மே மாதம், ஒரே ஓட்டமாய் வளர்ந்தது.
முழங்காலருகே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
அங்கே உன் விரல் நின்றது.
வெயிலில்லாத மாதங்களில் செடி வளராது,
வயிறு என்னவோ கேட்கத்தான் செய்யும்.

"இதெல்லாம் என்ன, டியோலிண்டா?"

"சூப்."

மூன்று இலை கொண்டுவந்தாய்.
ஒன்று அதிகம். கோழிக்குப் போட்டேன்.
சிமெண்ட் மூட்டை
இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது.