ஓரிரு இடங்கள்

காலை எட்டரைக்கு மழைமானியின் மூடியைத் திறக்கிறேன்.
தாலுகா ஆபீசின் பின்புறம்,
ஜப்தி செய்த மணல் லாரிகளுக்கும்
தண்ணீர் வராத குழாய்க்கும் நடுவே
கம்பிவேலிக்குள் நிற்கிறது அது.
சித்திரை பிறந்து பதினோரு நாள்.
உள்ளே ஓர் எறும்பு, இரண்டு வேப்பம்பூ.
பூவை ஊதிவிட்டுப் பதிவேட்டில் எழுதுகிறேன்:
இல்லை.

நேற்றைய அறிக்கை சொன்னது,
கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும்
சந்திக்கும் பகுதி நிலவுவதால்
வட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்
இடி மின்னலுடன் கூடிய
லேசானது முதல் மிதமான மழை.
சூறைக்காற்று, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்.

முனிரத்தினம் போன் செய்தார்.
நகரி மலையடியில் பதினாறு ஏக்கர் மாந்தோப்பைக்
குத்தகை பிடித்தவர்.
"மழைய விடுங்க மேடம், காத்து எவ்ளோ?"
பங்கனபள்ளி முற்ற இருபது நாள் இருக்கிறது.
அதுவரை விழுகிற காய்க்கெல்லாம்
ஊறுகாய் விலைதான்.
அவர் தெலுங்கு அறிக்கையும் கேட்பவர்.
"அவங்க பாஷையில வானன்னாலே மழை மேடம்.
நாமதான் ஒரு எழுத்து சேத்து
அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறோம்."

சாலைக்கு அந்தப் பக்கம் ஆந்திரா.
அங்கே தேசம்மாவின் செங்கல் சூளை.
அவள் எந்த அறிக்கையும் கேட்பதில்லை.
பஸ்ஸை விட்டு நான் இறங்கும்போது
கையில் குடை இருக்கிறதா என்று பார்ப்பாள்.
இருந்தால் தார்ப்பாயை உதறி எடுப்பாள்.
மழை ஆபீஸ் அம்மா குடை எடுத்துவந்தால்
விஷயம் இல்லாமலா?

அன்றைக்குக் குடை இருந்தது.
"வெயிலுக்கா, மழைக்கா?" என்றாள்.
வெயிலுக்கு, என்றேன்.
உண்மையும் அதுதான்.

நாலு மணிக்கு மலையின் மூக்கு கறுத்தது.
புழுதி எழுந்து பஸ் ஸ்டாண்டைத் தின்றது.
கரண்ட் போய்
ஊரின் விசைத்தறி எல்லாம் ஒரே நொடியில் நிற்க,
வருஷக்கணக்காய்க் காதில் இருந்த ஏதோ ஒன்றைப்
பிடுங்கி எடுத்தாற்போல் இருந்தது.
அந்த அமைதிக்குள் விழுந்தது முதல் இடி.

மழை மலையிலிருந்து இறங்கி
வெள்ளையாய், செங்குத்தாய்,
சாலை வரை வந்தது.
நான் வேலியருகே நின்று பார்த்தேன்.
மண்வாசனை வந்தது. சாரல்கூட வரவில்லை.
அந்தப் பக்கம் யாரோ தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி
அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் எட்டரை.
அளவுக் குடுவையைச் சாய்த்தேன், தட்டினேன்.
இல்லை, என்று எழுதி
மாவட்டத்துக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுச்
சாலையைக் கடந்தேன்.

எட்டாயிரம் பச்சைக்கல்
முனை மழுங்கி, மடங்கி,
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உறங்கின.
தேசம்மா மண்வெட்டியால் அவற்றை
மறுபடி சேறாக்கிக்கொண்டிருந்தாள்.
"மண்ணு எங்கயும் போவல.
கூலிதான் போச்சு" என்றாள்.
குடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சூளை ஓரத்தில் ஒரு பெயிண்ட் டப்பா.
அடி தட்டை, பக்கங்கள் நேர்.
கைப்பையில் இருந்த ஸ்கேலை விட்டுப் பார்த்தேன்.
முப்பத்தொரு மில்லிமீட்டர்.
அதை எழுத என் பதிவேட்டில் இடம் கிடையாது.
தண்ணீரைக் கொட்டவும் மனம் வராமல்
டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
நாய் வந்து குடித்தது.

சாயங்காலம் போன்.
முனிரத்தினத்தின் தோப்பில் ஒரு காய் உதிரவில்லையாம்.
குரலில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.
"இன்னைக்கு எந்த ஓரிரு மேடம்?"

இப்போதெல்லாம் நான்
தினமும் குடை எடுத்துப்போகிறேன்.
தேசம்மா நிமிர்ந்து பார்க்கிறாள்,
பிறகு குனிந்து
கல் அறுக்கிறாள்.
தார்ப்பாய்
மடித்தபடியே கிடக்கிறது.