மீட்டர் ஓடாத வீடு

மெர்செட் நகரத் தெருக்களில்
என் வேலை குனிவது.
இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி,
சிலந்தியை ஒதுக்கி,
எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்வது.
ஒரு நாளைக்கு நானூறு முறை.

யார் வீட்டுப் புல்தரை மட்டும் பச்சை,
யார் நள்ளிரவில் குழாயைத் திறக்கிறார்
எல்லாம் எனக்குத் தெரியும்.
யாரிடமும் சொல்வதில்லை.

ஆல்டர் தெரு பதினேழில்
முள் நகரவே இல்லை.
போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும்
ஒருத்தி குளித்து, சமைத்து, துணி அலசிய
வித்தியாசம்தான்.
மீட்டர் பழுதென்று எழுதப் போனவன்
வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.
சிவப்பு.

செப்டம்பர்த் தெருவே
அப்பளமாய் நொறுங்கிக் கிடக்க,
சாம்பல் பூசிய சிற்றிலைகள்,
முழங்கால் உயரப் புதர்,
நுனியெங்கும் சின்னச் சின்ன ஊதுகுழல்கள்.

இடலினா ஃபுர்ட்டாடோ,
பால் பண்ணையில் கணக்கெழுதி ஓய்ந்தவர்,
கத்தரிக்கோலோடு வந்தார்.
"வில்லோஹெர்ப். இந்த மண்ணின் செடி.
நான்தான் தீவிலிருந்து வந்தவள்.
நவம்பர் மழைக்கு முன்னால் நட்டேன்.
முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு வாளி.
அப்புறமும் ஊற்றினால் கோபித்துக்கொண்டு
சாய்ந்து படுத்துவிடும்.
குளிர்காலத்தில் நாலு விரல் விட்டு
ஈவிரக்கமில்லாமல் வெட்டவேண்டும்.
செத்துப்போச்சு என்று நினைப்பீர்கள்.
நினைத்துக்கொள்ளுங்கள்."

அப்போதுதான் வந்தது,
கட்டைவிரல் பருமனில் ஒரு ரீங்காரச் சிட்டு.
காற்றில் நின்றபடியே அலகை நுழைத்தது.
எடுத்தபோது நெற்றியில் பொடி.
கணக்கில் வராமல் அந்தத் தெருவில்
குடித்த ஒரே உயிர்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"மண்ணுக்கடியில் ஓடுகிறது.
பக்கத்து வீட்டுக்காரர் திட்டுகிறார்" என்று
வேரோடு ஒரு துண்டைப் பிடுங்கி
என் காகிதக் காப்பிக் கோப்பையில்
நட்டுக் கொடுத்தார்.

நான் இருப்பது மூன்றாம் மாடி.
வண்டியின் முன்கண்ணாடியோரம்
மழை வரும்வரை
என்னோடு சேர்ந்து மீட்டர் பார்த்தது செடி.

பிறகு, ஏலத்துக்குப் போன ஒரு வீட்டில்
(எண் சொல்லமாட்டேன்)
நீர் துண்டித்த குழாயருகே,
இரும்பு மூடியை ஒட்டி
ஈர மண்ணில் இறக்கினேன்.
முதல் கோடை முழுக்க
வெள்ளிக்கிழமைதோறும்
என் சாப்பாட்டுப் பையின் பாட்டில் அதற்கு.

அது போய் இரண்டு வருடம்.
இந்த மாதமும் அந்த வீட்டுக்கு
சுழியம் என்று எழுதினேன்.
எழுதுகையில் எருக்கம்பஞ்சு மாதிரி
மயிர் முளைத்த விதை ஒன்று
தாளின் மேல் வந்து உட்கார்ந்தது,
சுழியத்துக்குப் பக்கத்தில்.

குனிந்து
ஊதிவிட்டேன்.