பதினேழு பாட்டு

இருபத்தாறு வருஷம், ஒன்பது ஆல்பம்,
மூன்று டிரம்மர்
(ஒருவன் மஸ்கட், ஒருவன் கல்லீரல், ஒருவன் பேசுவதில்லை)
எல்லாம் வடிகட்டிப் பதினேழு பாட்டு.
அதற்குப் பெயர் 'உச்சங்கள்'.

அட்டைக்கு என் முகம் வேண்டுமாம்.
உப்பனாற்றுப் பாலத்தில் நிறுத்திப் படமெடுத்த பையன்
மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னான்,
'இன்னும் கோவமா பாருங்க சார்.'
எனக்கோ சர்க்கரை மாத்திரை நேரம்.
சிப்காட் புகைக்கூண்டைப் பார்த்தேன்.
அதுவே போதும் என்றான்.

ரீமாஸ்டர் செய்கிற இருதயராஜுக்கு
முத்தியால்பேட்டையில் ஸ்டுடியோ.
நல்ல காது.
நாலாவது பாட்டில், மூன்றாம் நிமிஷம்,
கிட்டாருக்கு அடியில் என்னமோ ஊளையிடுதே,
துடைத்துவிடட்டுமா என்கிறார்.

அது சங்கு.
எங்கள் பிளாண்டில் வாயு கசிந்த ராத்திரி
ஊதியிருக்க வேண்டியது.
ஊதவில்லை.
மறுவாரம் இன்ஸ்பெக்டர் வந்தபோது
பரிசோதனைக்கு ஒரு தடவை ஊதினார்கள்,
பதினோரு நொடி,
கல்யாண வீட்டு நாயனம் மாதிரி சுத்தமாக.
டேப்ரெக்கார்டரைச் சட்டைக்குள் வைத்துப் பிடித்தேன்.

பத்திரிகையில் அதைச் சிந்தசைசர் என்று எழுதினார்கள்.
'அமானுஷ்யம்' என்றும்.

தொடக்கத்தில் கிணுங்குவது சிம்பல் இல்லை,
கலியவரதனின் டிபன் பாக்ஸ் மூடி.
அந்த ஷிப்டில் அவன்தான்.
டப்பாவைத் திருப்பிக் கேட்க
அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.
நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.
ராயல்டி வந்த வருஷம்கூட.

துடைக்க வேண்டாம் இருதயராஜ்.
கிட்டாரை இறக்குங்கள்.
இன்னும்.

என் குரலையும்.