நடுக்கயிறு

இந்த வசந்தத்தில் பதினோரு படகுகள் பார்த்தோம்.
குட்னி ஒவ்வொன்றிலும் முதலில் போய்
படுக்கையில் படுத்துப் பார்த்தாள், காலணியோடு.
நான் கழிப்பறைக்குள் உட்கார்ந்து
கதவில் முழங்கால் இடிக்கிறதா என்று பார்த்தேன்.
இருபத்தாறு வயதில்
பாய்மரத்தின் உயரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தோம்.

முதல் படகு அவள் சித்தப்பாவுடையது.
நான்கு பலகை, இரண்டு துடுப்பு,
சரியாகச் சொன்னால் ஒன்றரை.
அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்க
அதில்தான் அழைத்துப் போனேன்.
வாயைத் திறப்பதற்குள்
தண்ணீர் கணுக்கால்வரை வந்துவிட்டது.
"முதலில் இறை," என்றாள்.
அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஐந்து படகுகள்.
ஒன்றில் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள்.
ஒன்றை வங்கி எடுத்துக்கொண்டது.
மூன்றாவதில் ஒரு ஜூலை முழுக்கப் பேசாமல் இருந்தோம்.
இருபது அடிக்குள் அது எவ்வளவு பெரிய வேலை என்று
செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.
உப்பை எடு, கயிற்றை விடு, அவ்வளவுதான்.
ஆகஸ்டில் ஒருநாள் பக்கத்திலேயே
ஒரு கடற்பன்றி எழுந்து மூச்சு விட்டது.
"பார்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லித் தொலைத்தோம்.

எட்டாவதாகப் பார்த்தது நல்ல படகு.
வெள்ளை உடல், தேக்குத் தளம்,
எங்களுக்கென்றே அளவெடுத்தது போல் அகலப் படிகள்.
விற்பவள் பெயர் இங்கெபோர்க்.
காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"ஓட்டத் தெரியும் எனக்கு. நாற்பது வருஷம் ஓட்டினேன்.
கரை சேர்க்கத்தான் தெரியாது.
அதை எப்போதும் அவர் செய்வார்."
கோப்பையை வைத்துவிட்டு ஜன்னல்வழி பார்த்தாள்,
மூன்று கோடையாக நகராத படகை.

திரும்பும் வழியெல்லாம் குட்னி
காரின் வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
மழை நின்று அரைமணி ஆகியும்
அதை நான் நிறுத்தவில்லை,
அவளும் சொல்லவில்லை.

பதினோராவது, பெர்கனுக்கு வடக்கே ஒரு மீன்பண்ணைத் துறையில்.
வாளி மாதிரிக் குட்டையான மரப்படகு.
ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்,
பேசத் தயங்குகிறவன் தொண்டையைச் செருமுவது போல.
எனக்குப் பிடிக்கவில்லை. பச்சை நிறம் வேறு.

"நீ இறங்கிக்கொள், எய்லிஃப்," என்றாள்.
"எதற்கு?"
"கரையில் நில். கையை நீட்டாதே. கத்தாதே.
கயிற்றைத் தொடாதே."

வளைகுடாவை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.
முதல் முறை துறையில் இடித்தாள்.
இரண்டாம் முறை காற்று
அணியத்தைத் தள்ளிக்கொண்டு போனது.
என் கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள்
பிடிபட்ட மீன்களாகத் துள்ளின.
மூன்றாம் முறை எஞ்சினைத் தணித்து,
பக்கவாட்டில் மெல்ல ஒட்டி,
படகின் நடுவிலிருந்து ஒரே ஒரு கயிற்றை எடுத்து
கட்டையில் மாட்டினாள். ஒரு சுற்று. இழுத்தாள்.
நின்றது.

பிறகு இறங்கி, பிளாஸ்கைத் திறந்துகொண்டு
பலகையில் உட்கார்ந்தாள்.
"இப்போது நீ."

ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஐம்பது வருஷத்தில் முதல்முறையாக
ஒரு படகில் நான் மட்டும்.
கரையில் அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு
சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியானது.
உப்பை எடு என்பது போல் ஏதோ சொல்லத் திரும்பினேன்.
எஞ்சின் தொண்டையைச் செருமியது.

எனக்கு நான்கு முறையும் தப்பியது.
ஐந்தாவதில் மாட்டியது.

விலையில் ஐயாயிரம் குறைத்தார்கள்.
நிறத்தைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை:
பச்சையே இருக்கட்டும் என்கிறாள்,
மூடுபனியில் யார் கண்ணுக்கும் தெரியாது என்கிறேன்.
கயிறு மட்டும் புதிதாக வாங்கினோம்.
கடையில் ஒவ்வொரு தடிமனாகப் பிடித்துப் பார்த்தோம்,
முதலில் வீங்கிய அவள் விரல்களில்,
பிறகு என்னுடையவற்றில்.