தெரியவில்லை

பகலில் நான் மனிதர்களைச் சீவுகிறேன்.
மெழுகில் பதித்து, மூன்று மைக்ரான் கனத்தில்,
சாயமேற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதி
பாலரட் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
அடுக்கி வைத்துவிட்டு வருகிறேன்.

இரவில், ஷெட்டில்,
ஒரு டட்சன் 180பி வேகன்.
எழுபத்தைந்தாம் வருடத்து வண்டி.
பின்கதவு மட்டும் தன் வயதைச் சொல்ல மறுக்கிறது.

காலீன் இருநூற்றைம்பது டாலருக்குத் தள்ளிவிட்டாள்.
“உள்ளே ஒரு கோழி முட்டையிடும், அது இலவசம்.”
கோழி வரவில்லை. கூடு மட்டும் வந்தது,
ஸ்பேர் டயர் குழியில்,
வைக்கோலும் எண்பத்தொன்றாம் ஆண்டின்
பெட்ரோல் ரசீதுகளுமாக.

கழற்றினேன்.
தேதி கடந்த மாதிரிக் குப்பிகள், மஞ்சள் மூடி,
யாரும் உமிழாதவை, யாரும் கேட்காதவை.
கதவு, இடது, மேல்கீல்: போல்ட் இரண்டு.
வைப்பர் மோட்டார்: திருகு மூன்றில் இரண்டு.
(மூன்றாவது என் கொண்டையில் இருந்தது.
மறுநாள் வேலையில் உதிர்ந்தது.)

மணற்தாள் போட்டபோது
வெள்ளைக்கு அடியில் கடுகு நிறம்.
பின்கதவில் மட்டும் வெள்ளைக்கு அடியில் பச்சை.
எவரோ எப்போதோ பின்னால் இடி வாங்கி
வேறொரு வண்டியின் முதுகை
விலைக்கு வாங்கிப் பொருத்தியிருக்கிறார்.
நாற்பது வருடம். உடம்பு அதை
அந்நியம் என்று தள்ளவில்லை.
நான் பார்த்த ஈரல்கள் அவ்வளவு பெருந்தன்மை காட்டியதில்லை.

பாகப் புத்தகம் ஜப்பானிய மொழி.
எனக்குப் படிக்க வந்தவை எண்கள் மட்டும்.
படத்தில் வண்டி வெடித்துக் கிடக்கிறது,
சத்தமில்லாமல்.
ஒவ்வொரு திருகும் தன் துளைக்கு நேரே
காற்றில் நிற்கிறது,
கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்தில்.
கடைசிப் பக்கம் கிழிந்திருந்தது.

ஜிலாங்கில் டிராகானாவின் காயலான் கடை.
விளக்குக் கண்ணாடியை வெயிலுக்குக் காட்டி
ஓரத்துப் பொடியெழுத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.
“இது செடானுடையது. உனக்குச் சேராது.”
சேரும் என்று நான் மூன்று வாரம் நம்பியிருந்தேன்.
துளை அரை விரல் தள்ளியிருந்தது.
அரை விரலுக்கு எதிராக
நம்பிக்கையால் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாம் பெயர் பெற்றன, ஒன்றைத் தவிர.
விரல் நீளத் தகடு. ஒரு முனையில் கொக்கி,
மறுமுனையில் ரப்பர் இருந்த தழும்பு.
எண் கிடையாது.
“ஜன்னல் திரையுடையதோ?” என்றாள் டிராகானா.
அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.
“ஆணியில் மாட்டித் துண்டு காயப்போடலாம்,”
என்றார் என் கணவர் தணிகைநாதன்.
குப்பியில் போட்டு எழுதினேன்: தெரியவில்லை.
வேலையிடத்தில் அப்படி எழுத
எனக்கு அனுமதி கிடையாது.
எழுதும்போது கை கொஞ்சம் சந்தோஷப்பட்டது.

ஆகஸ்ட். கண்ணாடியில் உறைபனி.
ஒருநாள் அனுமதிச் சீட்டு.
சோக்கை இழுத்து, நாலாவது திருப்பலில்
இருமி, இன்னொரு முறை இருமி,
ஓட ஆரம்பித்தது.

கிரெஸ்விக் சாலையில் இருபக்கமும் வாட்டில் பூத்திருந்தது.
அறுபதைத் தொட்டபோது பின்னாலிருந்து
டக்.
எழுபதில்
டக் டக்.
கடுகுமல்லாத, பச்சையுமல்லாத,
எந்த வண்டிக்கும் சொந்தமில்லாத ஒரு தட்டல்.

ஓரமாக நிறுத்தினேன்.
பின்கதவைத் தூக்கினேன், ஸ்பேர் டயரைத் தூக்கினேன்.
ஜாக்கி தன் குழியில்
பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் புரண்டு கிடந்தது.
பக்கத்தில் தகட்டில்
ஒரு சின்ன வெட்டு, கொக்கியளவு.

கோட்டுப் பையிலிருந்து குப்பியை எடுத்தேன்.
ஏன் கொண்டுவந்தேன், அதுவும் தெரியவில்லை.
கொக்கி உள்ளே போனது.
அழுத்தினேன். கிளிக்.
எட்டு மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு
அவ்வளவுதான் பதில்.
லாரி ஒன்று கடந்துபோய் என்மீது சேற்றை வாரியது.

திரும்பும்போது வண்டியின் பின்பாதி அமைதி.
அந்த அமைதியில்தான் கேட்டது,
முன்னால், இடது பக்கம், டாஷ்போர்டுக்குள் எங்கோ,
மெல்லியதாக,
இன்னொன்று.

காலிக் குப்பி மடியில்.
பெயரைக் கிழிக்கவில்லை.