ஐந்து பச்சைக் கோடுகள்

பதினாலு முறை கொன்றிருக்கிறோம் அந்த டிராகனை.
அது என்ன நிறம் என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

வைத்தியக்காரி நான்.
திரையின் இடது ஓரத்தில்
நக அகலத்தில் ஐந்து பச்சைக் கோடுகள்;
அவற்றைத்தான் பார்ப்பேன்.
குகை, நெருப்பாறு, நூறு தூண் மண்டபம்
எல்லாம் அவர்கள் சொல்லக் கேள்வி.
கோடு குறைந்தால் மந்திரம்.
மஞ்சளானால் பெரிய மந்திரம்.
சிவந்துவிட்டால்
முருகா முருகா என்று எல்லாப் பொத்தானும்.

ஜெலுத்தோங், பதினோராவது மாடி.
பாயான் லெப்பாஸில் ஓவர்டைம் முடித்து
குளித்த தலை காயாமல் உட்கார்ந்தால்
மணி பன்னிரண்டு.
காதுக்குள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள்.

முதலில் புவனேந்திரன். பிறையில் கொள்கலன் லாரி.
துறைமுக வாசலில் வரிசை நின்ற பொறுமைதான்
அவன் கையில் கேடயமாகியிருக்க வேண்டும்.
அத்தனை அடியும் அவன் மேல்.
"எனக்கு இன்னும் இருக்கா?"
"பாதி இருக்கு."
"போதும் லா."

பாலிக் பூலாவில் ஃபைஸூரா;
மடியில் குழந்தை,
ஒற்றைக் கையால் தீ எறிபவள்.
அவள் "ஷ்ஷ்" என்றால்
பிள்ளைக்கா எங்களுக்கா தெரியாமல்
எல்லாரும் அடங்கிப்போவோம்.

தர்வினுக்குக் குரலே கிடையாது.
பக்கத்து அறையில் அப்பா தூங்குகிறாராம்.
தட்டுவான்: வலப்பக்கம் பொறி. நில்.
நிற்போம்.

வெய் கியாட் நிற்கமாட்டான்.
வில்லைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி
தூங்குகிற பூதங்களையெல்லாம் எழுப்பி
கல்யாணத்துக்குச் சொந்தக்காரரை அழைப்பதுபோல்
கூட்டிக்கொண்டு வருவான்.
பிறகு, சோரி சோரி.
இரண்டு முறை அவனைச் சாக விட்டிருக்கிறேன்.
வேண்டுமென்றேதான்.
யாரிடமும் சொன்னதில்லை.

போன வியாழன் மழை.
பாலம் தெரியாத மழை.
மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்ட
மூன்று நொடி நான் இல்லை.
திரும்பி வந்தபோது
கல்தரையில் மல்லாந்து கிடந்தேன்.
ஒரு கோடு கறுத்திருந்தது. என்னுடையது.
எப்போதும் கடைசியாக நான் பார்க்கிற கோடு.

"தவமலர் போச்சு" என்றான் புவனேந்திரன்.
டிராகனுக்கு மிச்சம் பதினெட்டு விழுக்காடு.
இந்த இடத்தில் கைவிட்டுவிடுவதுதான் வழக்கம்,
செத்து, வாசலிலிருந்து மறுபடி.
யாரும் கைவிடவில்லை.

செத்தவளுக்கு என்ன வேலை?
நிமிர்ந்து பார்த்தேன்.

சாம்பல் நிறம்.
பழைய ஃபெர்ரியின் அடிவயிறு மாதிரி.
முன்பல் ஒன்று உடைந்திருந்தது.
இடது சிறகு பாதி
சுவருக்குள் புதைந்து நின்றது.
வரைந்தவன் கவனிக்காத பிழை;
ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.
அதன் காலடியில் நால்வரும்
இவ்வளவு சின்னவர்களா?

ஃபைஸூரா தீயை நிறுத்தினாள்.
மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்த மருந்துக் குப்பிகளை
ஒவ்வொன்றாகப் புவனேந்திரனிடம் எறிந்தாள்.
"இன்னும் இருக்கா எனக்கு?" என்றான் அவன், பழக்கத்தில்.
பதில் சொல்ல வேண்டியவள் கோட்டையே பார்க்கவில்லை.

அப்போது
உடைந்துகொண்டிருக்கும் ஒரு பையன் குரல்:
"அண்ணே, பின்னாடி! வாலு!"
தர்வின்.

வெய் கியாட் ஓடினான்.
வேறென்ன தெரியும் அவனுக்கு?
ஆனால் இந்த முறை
எங்களிடம் கூட்டி வரவில்லை,
எங்களை விட்டு இழுத்துக்கொண்டு போனான்,
தூண் தூணாகச் சுற்றி,
அந்த மலையளவு சாம்பலை,
புவனேந்திரன் மூச்சு வாங்கும்வரை.

மூன்று. இரண்டு.
குழந்தை அழத் தொடங்கியது.
ஒன்று.

என்னை எழுப்பும் மந்திரம் அங்கே யாருக்கும் தெரியாது,
அது என்னோடு கிடந்தது.
குகை வாசலில் உயிர்த்து
மண்டபம் நீளத் தனியாக நடந்து வந்தேன்.
ஓடியிருக்கலாம்.

பெட்டியைத் திறக்காமல்
சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.
"என்ன இவ்ளோ நேரம்?" என்றான் வெய் கியாட், வெய் கியாட்!
"தூண் எண்ணினேன். நூறு இல்லை.
எழுபத்திரண்டுதான்."

மறுபடி குரலை மூடிக்கொண்டிருந்த தர்வின்
தட்டினான்:
எழுபத்தி நாலு.
ரெண்டு உடைஞ்சு கிடக்கு.